பூவேலைக் கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்று

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் சரக்கேற்றிச் செல்லும் வண்டிகளில் சில, திரும்பும்போது, கேரளத்தில் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவுகளையும் சன்னல்களையும் ஏற்றிவருகின்றன. அந்தச் சட்டங்களில் பொருந்தியிருக்கும் பூவேலைக் கண்ணாடியை, குறிப்பாகக் கடைக்காரர்கள் 'பின்ஹெட்' என்று சொல்லும் புள்ளிக் கண்ணாடியையும் வரிவரியாகப் பள்ளம் ஓடும் கண்ணாடியையும், வாங்கி அறுத்து, இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மின்சூளையில் வைத்து உருக்கி ஒட்டி, தட்டுகளும் விளக்கு மறைப்புகளும் செய்வது என் தொழில். இந்தத் தொழிலில் என்னை மிகுதியாக யோசிக்க வைத்தவை கடுகளவே உள்ள காற்றுக் குமிழிகள்தாம்.

குமிழியைக் கண்டவுடன், இன்னும் சற்றுச் சூடேற்றினால் அது மேலே வந்து வெடித்து மறைந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 800 பாகை செல்சியசில் சன்னல் கண்ணாடி தண்ணீர்போல் ஓடுவதில்லை. தேனைவிடப் பல்லாயிரம் மடங்கு இறுகிய குழம்பாகவே அது இருக்கிறது. அத்தகைய குழம்பில் குமிழியின் விட்டம் பாதியானால், அது மேலேறும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே சிறு குமிழி நம் சூளையில் எத்தனை மணி நேரம் இருந்தாலும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. கண்ணாடித் தொழிற்சாலைகளில் குமிழியை வெளியேற்றுவதற்கென்றே 1500 பாகையை ஒட்டிய வெப்பம் தேவைப்படுகிறது. இன்னொன்றையும் கருத வேண்டும்: அறையின் வெப்பநிலையில் அகப்பட்ட காற்று, தடையின்றி விரிய இடம் கிடைத்தால், 800 பாகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்காகப் பெருகிவிடும். அதனால் கூடுதல் சூடு குமிழியைப் போக்குவதற்குப் பதிலாகப் பெரிதாக்கக்கூடும். காற்று வெளியேற வேண்டுமானால், கண்ணாடியின் ஓரங்கள் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே அதற்கு வழி விட்டாக வேண்டும்.

அந்த வழி, துண்டுகளை அடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. உருகிய கண்ணாடியை இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்தி, அவற்றுள் ஒன்றில் செதுக்கிய வடிவத்தைப் பதிய வைத்தே பூவேலைக் கண்ணாடியைச் செய்கிறார்கள். அதனால் பெரும்பாலும் ஒரு பக்கம் வேலைப்பாடும் மறுபக்கம் ஏறக்குறைய வழவழப்புமாக இருக்கும். வேலைப்பாட்டின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். புள்ளிகள் மேடாக இருந்தால், அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் காற்று ஓரம்வரை நடந்துபோக முடியும். புள்ளிகள் குழியாக இருந்தால், மேல்கண்ணாடி படிந்த கணமே ஒவ்வொரு குழியும் மூடிய அறையாகி, ஒவ்வொன்றும் ஒரு குமிழியைத் தரும். வரிக் கண்ணாடியில் இரண்டு துண்டுகளின் வரிகளும் உள்நோக்கி, ஒரே திசையில் ஓடினால் அவையே காற்றுக்கு வாய்க்கால்கள். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒழுங்கான கட்டங்களாகக் குமிழிகள் நிற்கும். விளக்கு மறைப்புக்கு அந்தக் கட்டங்களை நான் விரும்பியே வைப்பதுண்டு. அது மிக அழகான வேலை. குமிழியே வேண்டாம் என்றால், வழவழப்பான பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பதே என் வழக்கம். அப்போது அடித்துண்டின் வேலைப்பாடு சூளைத்தட்டின்மேல் படுவதால், அதன் அடியில் காற்று சிக்காமலிருக்கப் பீங்கான் இழைத்தாள் ஒன்றை விரிக்கிறேன். அந்தத் தாளைக் கையாளும்போது முகக்கவசம் அணிவது கட்டாயம்.

அடுத்தது வெப்பத்தை ஏற்றும் முறை. 620 பாகைவரை நிதானமாக ஏற்றி, அங்கிருந்து 690 பாகைவரை மணிக்கு 50 பாகைக்கு மிகாமல் கொண்டுசென்று, அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்துகிறேன். மேல்துண்டு மெல்ல இளகி, நடுவிலிருந்து படிந்து, காற்றை ஓரத்துக்குத் தள்ள வேண்டிய நேரம் அதுதான். ஓரம் முதலில் மூடிவிடாதிருக்க, நான்கு மூலைகளிலும் அதே கண்ணாடியின் மிகச் சிறிய சில்லுகளைச் செருகி வைப்பது பெரிதும் உதவுகிறது. பிறகு விரைந்து 820 பாகைக்கு ஏற்றிப் பத்து நிமிடம் மட்டும் நிறுத்துகிறேன். நீண்ட நேரம் நின்றால் மேற்பரப்பு வெளுத்து மங்கிவிடுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்துக்கொண்டால் துணியே உலராது. அப்படியொரு நாளில், இழைத்தாள் தீர்ந்துபோயிருந்ததால், சூளைத்தட்டுக்கு வெண்களிமண் பூச்சைப் பூசி, தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டதென்று நம்பி, அன்று மாலையே கண்ணாடியை ஏற்றினேன். மறுநாள் திறந்தபோது அடிப்பக்கம் முழுவதும் ஊசி குத்தியதுபோல் குமிழிகள் நிறைந்திருந்தன. பூச்சில் தங்கியிருந்த ஈரம் ஆவியாகி, போக இடமின்றிக் கண்ணாடிக்குள் புகுந்திருந்தது. அன்றுமுதல் வெறும் தட்டை 300 பாகையில் அரை மணி நேரம் காயவைத்த பிறகே அதன்மேல் எதையும் வைக்கிறேன்.

கண்ணாடியில் விரல்ரேகையோ பசையோ மிகுந்திருந்தாலும் அதுவும் புகைந்து குமிழியாகும் என்பதால், நன்றாகக் கழுவித் துடைப்பது அவசியம். இரண்டு துண்டுகளையும் ஒரே பலகையிலிருந்து அறுப்பதும் அவசியம். வெவ்வேறு கண்ணாடிகள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், ஒட்டிய பொருள் சில நாள் கழித்துக்கூட விரிசல் விடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குமிழி மேற்பரப்பை ஒட்டி நின்றுவிட்டால், தண்ணீர் ஊற்றியபடி வைரமுனைத் துளைப்பானால் அதைத் திறந்து, உள்ளே கழுவி உலர்த்தி, அதே கண்ணாடியைப் பொடித்து நிரப்பி மறுபடியும் சூளையில் வைக்கலாம். இப்போது அது ஒரே தடித்த கண்ணாடி என்பதால், முதல்முறை ஏற்றிய வேகத்தில் பாதிக்குமேல் கொடுக்கக் கூடாது. இறக்கும்போதும் 540 பாகையில் குறைந்தது ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு சூளையைத் திறக்காமல் தானாகவே ஆறவிட வேண்டும்.

வணக்கம்.