கொழும்பு கடல்ல வெடிச்ச கண்ணிவெடி

வணக்கம் நேயர்களே. மலையில இருக்கிற நமக்கு கடல் கதை எதுக்குன்னு சில பேர் கேப்பாங்க, ஆனா நம்ம அப்பாயி காலத்துல பறிச்ச கொழுந்து தேயிலையாகி பெட்டியில அடைச்சு ஹட்டன் ஸ்டேஷன்ல ரயிலேறி கொழும்பு துறைமுகத்துக்குத்தான் போச்சு, லயத்துல பொங்கின அரிசியும் இந்தியாவுலருந்து பர்மாவுலருந்து கப்பல்லதான் வந்துச்சு. அந்த துறைமுகத்துக்கு வெளிய 1917ல நடந்தத நம்ம புள்ளைங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

முதலாம் உலகப் போர் நேரம். வுல்ஃப்னு ஒரு ஜெர்மன் கப்பல், பார்த்தா சாதாரண சரக்குக் கப்பல் மாதிரி இருக்கும், பீரங்கியெல்லாம் மறைச்சு வச்சிருந்தாங்க, கேப்டன் பேரு கார்ல் நெர்கர். 1916 நவம்பர் கடைசியில ஜெர்மனியிலருந்து கிளம்பி ஆப்பிரிக்காவ சுத்தி வந்து, பெப்ரவரி நடுவுல கொழும்புக்கு வெளிய கடலுக்குள்ள கண்ணிவெடிகள போட்டுட்டு, பம்பாய் பக்கம் போய் அங்கயும் போட்டுச்சு.

அந்த வெடி இருக்கே, ஒரு இரும்பு உருண்டை. கடலடியில கனமான நங்கூரம், நடுவுல கம்பி, உருண்டை தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் கீழ நிக்கும், மேலருந்து பார்த்தா தெரியாது. கொம்பு கொம்பா நீட்டிக்கிட்டிருக்கும், கொம்பு ஈயத்துல செஞ்சது, உள்ள கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள அசிட். கப்பல் இடிச்சா ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அசிட் இறங்கி கரண்ட் உண்டாகும், அவ்வளவுதான் வெடிச்சிரும். இடிச்சது போர்க்கப்பலா, புள்ளகுட்டியோட போற கப்பலான்னு அதுக்குத் தெரியாது, இதத்தான் என் மனசு ஏத்துக்கவே மாட்டேங்குது.

பெப்ரவரி 17, வொர்செஸ்டர்ஷயர், பிப்பி கம்பெனி கப்பல், 7,000 டன்னுக்கு மேல, ரங்கூன்லருந்து லண்டனுக்கு ஆளும் சரக்கும் ஏத்திக்கிட்டுப் போறது, கொழும்புக்கு தென்மேற்கா பத்து மைல் கிட்ட அந்த வெடியில மாட்டி மூழ்கிருச்சு. ரெண்டு பேர் செத்தாங்க. நாலே நாள்ல பெர்சியஸ்னு இன்னொரு கப்பல், அதுல மூணு பேர். அப்புறம் ஜூன் 23, பம்பாய்க்கு வெளிய மங்கோலியாங்கிற பெரிய பயணிகள் கப்பல், 23 உயிர் போச்சு. பாருங்க, அந்த நேரம் வெடி போட்டவங்க நியூசிலாந்து பக்கம் நிக்கிறாங்க, போட்டுட்டுப் போய் நாலு மாசமாச்சு, அது அங்க காத்துக்கிட்டே இருந்திருக்கு.

ஹட்டன், பதுளை, நுவரெலியா பக்கமிருந்து கொழும்புக்கு ட்ரிப் போற டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். காலிமுகத்திடல்ல புள்ளைகளுக்கு இஸ்ஸோ வடை வாங்கிக் குடுக்கிறப்போ இதையும் சேர்த்து சொல்லுங்க, கொழும்புக்கு வெளிய மூழ்கின அந்த ரெண்டு கப்பலும் இன்னும் கடலடியிலதான் கிடக்கு, சுழியோடிகள் போய் பார்த்துட்டு வாராங்க. நன்றி, வணக்கம்.