பால் குடிக்கும்போது வேர்க்கிற குழந்தை

நேயர்களுக்கு வணக்கம்.

தை மாத ஊட்டிக் குளிரில், பால் குடிக்கிற இரண்டு மாதக் குழந்தைக்கு நெற்றி வேர்க்குமா? வேர்த்தால், "ஸ்வெட்டர் ஒண்ணு அதிகமாப் போட்டுட்டே" என்று பாட்டி சொல்வார். நம் மலையில் எல்லாப் பழியும் பனிமேல்தான். மூச்சு வாங்கினால் சளி. வீறிட்டால் மட்டும் வயிற்றுவலி, உடனே ஓம வாட்டர்.

பெரும்பாலும் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். அபூர்வமாக, இதயமாகவும் இருக்கலாம்.

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற இடது கரோனரி குழாய், இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயான மகாதமனியிலிருந்து கிளம்ப வேண்டும். சுமார் 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு அது நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பிவிடுகிறது. பிறந்த புதிதில் அந்தத் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் சமாளித்துக்கொள்ளும். வாரங்கள் போகப்போக அழுத்தம் இறங்கும். தசைக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரல் பக்கமே திரும்பி ஓடும். கைக்குழந்தைக்குப் பால் உறிஞ்சுவதுதான் பெரிய உழைப்பு. நாலு வாய் குடித்ததும் வெளிறி, வேர்த்து, அழுது விட்டுவிடும். பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலிக்குமே, அதேதான். 1933-ல் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்த குழந்தைக்கும் வயது மூன்று மாதம். அதுவும் பால் குடிக்கும்போதுதான் துடித்தது.

ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு வந்தவரின் ஈ.சி.ஜி. மாதிரி இருக்கும். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், குழாய் கிளம்பும் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் தப்பிவிடும்.

மருந்து மட்டும் போதாது. அப்படியே விட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. அறுவை சிகிச்சையில், இதய-நுரையீரல் இயந்திரத்தில் குழந்தையை வைத்துவிட்டு, ஓரிரு மில்லிமீட்டர் குழாயின் வாயை, சுற்றியுள்ள சுவரோடு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத வட்டமாக வெட்டி எடுத்து, மகாதமனியில் தைப்போம். நூல் தலைமுடியைவிட மெல்லியது. பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைக்க முடியும். தைத்ததும் இதயம் துள்ளி எழுந்துவிடாது. சில நாள் வென்டிலேட்டர் தேவைப்படும். ஆனால் பட்டினி கிடந்த தசை பெரும்பாலும் செத்துப்போனதில்லை; மாதக்கணக்கில் மெல்லத் தேறி, பல குழந்தைகளுக்கு இயல்பு நிலைக்கே வந்துவிடுகிறது. இந்த வேலையில் எனக்கு அலுக்காத காட்சி, அடுத்தடுத்த எக்கோ படங்கள்தான்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. குடும்ப அட்டையோடு விசாரியுங்கள். மருத்துவரிடம் போகும்போது, குழந்தை பால் குடிப்பதை உங்கள் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் போங்கள். அங்கே போனதும் குழந்தை சமர்த்தாகத் தூங்கிவிடும், பாருங்கள்.