கள் ஊற்றிப் பிசைந்த ரொட்டி

நேயர்களுக்கு வணக்கம். கோவா என்றதும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது, அங்கே விடிகாலையில் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வரும் ரொட்டியைப் பற்றி.

1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் 1961 வரை போகவில்லை. சோறும் மீனும் கொழிக்கிற ஊர்தான். அவர்களுக்கோ ரொட்டி இல்லாமல் சாப்பாடு இறங்காது. கோதுமையை வெளியிலிருந்து வரவழைக்கலாம், சரி. மாவைப் புளிக்க வைக்க ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? கண்ணெதிரே தென்னை நின்றது. கள்ளை ஊற்றிப் பிசைந்தார்கள். ஆப்ப மாவில் கள் சேர்த்துப் பழகியவர்களுக்கு இந்த யுக்தி புதிதல்ல.

ரொட்டிக்காரரை அங்கே 'பொதேர்' என்பார்கள். முன்பெல்லாம் தலையில் கூடையோடு, கையிலிருக்கும் மூங்கில் கம்பைச் சலங்கைபோல் ஒலிக்கத் தட்டிக்கொண்டு வருவார். இப்போது சைக்கிள் ஹாரன். கூடையில் வளையல் மாதிரி மொறுமொறுவென்று 'கங்கோண்', அப்புறம் 'பொய்'. பொய் என்பது தவிடு தூவிய தட்டை ரொட்டி. பிய்த்தால் உள்ளே பைபோல் வெற்றிடம் இருக்கும், விரலெல்லாம் தவிடு ஒட்டும். குழம்பைத் துடைத்துச் சாப்பிட அதைவிட வசதியானது இல்லை.

கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களின் உணவு என்று இந்து வீடுகள் ரொட்டியைத் தள்ளிவைத்த காலமும் உண்டு. இன்றோ பணஜியில் இந்துக்கள் நடத்தும் ஓட்டல்களிலேயே காலைப் பலகாரம் பாஜியும் பாவ் ரொட்டியும்தான்.

கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'பெபிங்கா' என்ற அடுக்கு இனிப்பிலும் தென்னைதான். முட்டை மஞ்சள் கரு, மைதா, சர்க்கரை, நெய், தேங்காய்ப்பால். ஓர் அடுக்கு ஊற்றி, அது சிவந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. பழைய முறையில் நெருப்பு மூடியின் மேலே இருக்கும். அதற்கும் தேங்காய் மட்டைதான் எரியும். அவசரக்காரர்கள் இதில் கை வைக்கக் கூடாது.

இன்று பல பேக்கரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்கள் கர்நாடகத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு அதில் மனத்தாங்கல். எனக்கு அது குறையாகப் படவில்லை. என் குறை வேறு. மரமேற ஆள் இல்லாமல் கள் அரிதாகிவிட்டது. பாக்கெட் ஈஸ்ட்டில் மாவு சட்டென்று உப்பிவிடுகிறது; அந்த லேசான புளிப்பு ஏறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

நன்றி, வணக்கம்.