அம்மாவின் மணி பிளாண்ட் பாட்டிலும் சுகாதாரம் என்ற சொல்லும்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, கோயில் திருவிழாவும் கிடையாது. மலேசியாவில், பினாங்கில் எங்கள் பிளாட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். சுகாதாரம்.

முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். சாதாரண ஜாம் பாட்டில். போன மாதம் வரை இதில் அம்மாவின் மணி பிளாண்ட் இருந்தது. சாமி அலமாரிக்குப் பக்கத்தில், சன்னல் வெளிச்சத்தில். அம்மா தினமும் இதன் வெளிப்பக்கத்தைத் துடைப்பார். கண்ணாடி பளபளவென்று இருக்கும். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும், வேர் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.

பக்கத்து பிளாக்கில் ஒரு பையனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. அதனால் சுகாதார அதிகாரிகள் இரண்டு பேர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கதவைத் தட்டியதும் அம்மா கொஞ்சம் பெருமையாகவே, "உள்ள வந்து பாருங்க, என் வீடு சுத்தம்" என்று மலாய் மொழியில் சொன்னார். உண்மைதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தரை துடைக்கிற வீடு இது.

அந்த அதிகாரிப் பெண் குளியலறையைப் பார்த்தார், துணி காயப்போடும் இடத்தைப் பார்த்தார், ஒன்றுமில்லை. போகிற போக்கில் இந்த பாட்டிலின் மேல் டார்ச் அடித்தார். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நூல் துண்டு மாதிரி ஏழெட்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் வேருக்குள் ஒளிந்துகொண்டன. டிங்கியைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் புழு. சொட்டுக் குழாயால் உறிஞ்சி ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டார்.

அம்மா முகம் செத்துப்போய்விட்டது. 500 ரிங்கிட் அபராதம் வருமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது கவலையே இல்லை. "அப்ப நான் சுத்தமில்லாதவளா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அம்மா முகம் புரிந்திருக்கிறது. மெதுவாகச் சொன்னார்: "ரூமா ஆன்ட்டி பெர்சே. ஆயர் இனி புன் பெர்சே. சபாப் இத்து நியாமுக் சுக்கா." ஆன்ட்டி வீடும் சுத்தம், இந்தத் தண்ணீரும் சுத்தம், அதனால்தான் கொசுவுக்குப் பிடிக்கிறது.

அந்த வாக்கியம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஏடிஸ் சாக்கடைக் கொசு இல்லை. பெரும்பாலும் தெளிந்த, அசையாத தண்ணீரைத் தேடி வந்து முட்டையிடும். சுத்தமான வீடு, சுத்தமான தண்ணீர், ஆனால் சுகாதாரம் இல்லை. இரண்டும் ஒன்று என்றுதான் நானும் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்லைப் பிரிப்போம். சுகம், ஆதாரம். சுகத்துக்கு ஆதாரம், அதாவது சுகம் எதன்மேல் நிற்கிறதோ அது. இதே கட்டுமானத்தில் நாம் தினமும் பேசுகிற சொற்கள் இருக்கின்றன: வாழ்வாதாரம், பொருளாதாரம், நீராதாரம். வாழ்வாதாரம் என்றால் வாழ்க்கை இல்லை, வாழ்க்கையைத் தாங்குகிற வேலை, நிலம், படகு. அதே மாதிரி சுகாதாரம் என்பது சுகம் இல்லை, சுகத்தைத் தாங்குவது. அதனால்தான் யாரும் யாரையும் "சுகாதாரமா இருக்கீங்களா?" என்று நலம் விசாரிப்பதில்லை. "சுகமா இருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறோம். காய்ச்சலாக இருந்தால் "சுகமில்லை" என்கிறோம், "சுகாதாரமில்லை" என்று சொன்னால் அது அந்த இடத்தைப் பற்றிய பேச்சாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பெண் சொன்ன "சுக்கா" இருக்கிறதே, அதுவும் நம் "சுகம்" பிறந்த அதே சமஸ்கிருதச் சொல்லில் பிறந்ததுதான். மலாயில் மகிழ்ச்சி, விருப்பம் என்ற பொருளில் நின்றுவிட்டது. "சுக்கா டுக்கா" என்றால் சுகதுக்கம். எங்கள் பாட்டிலில் சுகம் இருந்தது, கொசுவுக்கு.

இப்போது சுத்தத்துக்கு வருவோம். "சுத்தமா மறந்துட்டேன்", "சுத்தப் பொய்", "சுத்த நெய்" என்றெல்லாம் சொல்கிறோம் இல்லையா? வேறு எதுவும் கலக்காதது சுத்தம். அந்தச் சொல் பொருளை மட்டும்தான் பார்க்கிறது. சுகாதாரம் அந்தப் பொருளால் ஒரு உடம்புக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்க்கிறது. கடையில் மேசை துடைக்கிற துணியை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து அதே துணி, அதே வாளித் தண்ணீர். துடைத்ததும் மேசை மின்னும், ஆனால் பத்து மேசையின் அழுக்கை ஈரத்தோடு இழுத்துவிட்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், நம் நாட்டில் உணவுக்கடையில் வேலை செய்பவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அந்த ஊசி சாப்பிட வருகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் அதுதான் சுகாதாரம்.

இதைச் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாளில் வீட்டில் சொல்கிற வார்த்தை எது? "சுத்தமில்லை." எனக்கும் பதின்மூன்று வயதில் அதைத்தான் சொன்னார்கள். சாமி அலமாரியைத் தொடக்கூடாது, சரி. பேட் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், கையை எப்போது கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாதவிடாய் சுகாதாரம் என்று ஒரு சொல் இருப்பதே எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அந்தப் பிள்ளையிடம் சுத்தம் பற்றிப் பேசாதீர்கள், அவள் சுத்தமாகத்தான் இருக்கிறாள். சுகாதாரம் பற்றிப் பேசுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

குழப்பம் வருவதற்கு ஒரு காரணம், தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மலாயில் உடல்நலத்துக்கு கெசிஹாத்தான், சுத்தத்துக்கு கெபெர்சிஹான், இரண்டும் வேறு வேறு. நாம் முதலாவதுக்கும் சுகாதார அமைச்சு என்கிறோம், இரண்டாவதுக்கும் "சுகாதாரம் பேணுங்கள்" என்று எழுதிவிடுகிறோம். தமிழ்நாட்டில் துறையின் பெயர் மக்கள் நல்வாழ்வுத் துறை, ஆனால் கிராமத்தில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். இதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் ஹைஜீன் என்கிற சொல்லே ஹைஜியா என்ற கிரேக்க ஆரோக்கிய தேவதையின் பெயரோடு ஒட்டியதுதான். அங்கேயும் இரண்டும் ஒட்டியே பிறந்திருக்கின்றன.

கேமராவைச் சன்னல் பக்கம் திருப்புகிறேன். கடலுக்கு நடுவில் பச்சையாகத் தெரிகிறதே, ஜெரெஜாக் தீவு. 1969 முதல் 1993 வரை அங்கே சிறை இருந்தது, பலருக்கு அதுதான் ஞாபகம். அதற்கு ரொம்ப முன்னால் கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகு ஊருக்குள் விட்ட இடம் அது. நம் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான். அவர்கள் எவ்வளவு குளித்திருந்தாலும், கந்தையைக் கசக்கிக் கட்டியிருந்தாலும், நெரிசலான கப்பலில் நோய் பரவுவதை ஒருவர் சுத்தத்தால் மட்டும் தடுக்க முடியாது. இந்த மேசையிலிருந்து அந்தத் தீவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

அப்புறம், பாட்டில் விஷயம். வெறுமனே தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினால் போதாது. ஏடிஸ் முட்டையை நீர்மட்டத்துக்கு ஒட்டி உள்சுவரில் வைக்கும், அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை உள்பக்கத்தை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அம்மா துடைத்ததெல்லாம் வெளிப்பக்கம்.

மணி பிளாண்ட் இப்போது மண் தொட்டியில் இருக்கிறது. எங்கள் பிளாட் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு தமிழ் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். மலாயில் இருந்ததைப் பார்த்து "சுகாதாரத்தைப் பேணுங்கள்" என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. "வாளி, பூந்தொட்டித் தட்டு, இவற்றில் தேங்கிய தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டி, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள்" என்று எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, தட்டுக்குப் பக்கத்தில் அவரே எழுதிச் சேர்த்தார்: "சாமி ரூம் பாட்டிலும்."