கொம்பு அழுகின்ற புத்தாண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

யூதர்களின் புத்தாண்டுக்கு ரோஷ் ஹஷானா என்று பெயர். யூத நாட்காட்டியில் திஷ்ரி என்ற மாதத்தின் முதல் இரண்டு நாட்கள் அது. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். அவர்களுக்கு நாள் தொடங்குவது பொழுது சாயும்போது. 2025 செப்டம்பர் 22 மாலை அவர்களுடைய 5786ஆம் ஆண்டு பிறந்தது.

அன்றிரவு ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து உண்பார்கள், வரும் ஆண்டு இனிக்க வேண்டும் என்று. ஓய்வுநாளில் பின்னலாகச் சுடும் ரொட்டி அன்று வட்டமாகிவிடும். மாதுளை முத்துகளைப் போல நற்செயல்கள் பெருகட்டும் என்று வேண்டிக்கொண்டு மாதுளம்பழமும் உண்பார்கள்.

பலருக்கும் தெரிந்தது இந்தத் தேனும் ஆப்பிளும்தான். ஆனால் பண்டிகையின் உயிர் தொழுகைக்கூடத்தில் ஒலிக்கும் ஷோபார் என்ற கொம்பில் இருக்கிறது. மோசேயின் சட்டநூல் இந்த நாளைப் புத்தாண்டு என்று அழைக்கவில்லை. எக்காள முழக்கத்தின் நாள் என்றே சொல்கிறது. பெரும்பாலும் ஆட்டுக்கடாவின் கொம்பையே ஊதுவார்கள். மகன் ஈசாக்குக்குப் பதிலாக ஆபிரகாம் பலியிட்ட கடாவின் நினைவு அதில் உண்டு. மாட்டுக் கொம்பு ஆகாது. முன்னோர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பழி அதில் ஒட்டியிருக்கிறது.

முதலில் நீண்ட ஒரே முழக்கம். பிறகு உடைந்த ஒலிகள். அந்த உடைந்த ஒலி எப்படி இருக்க வேண்டும்? யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் அறிஞர்கள் இதற்கு அளவுகோலாகக் கொண்டது ஒரு தாயின் அழுகையை. போருக்குப் போன மகன் திரும்பவில்லையே என்று சன்னல் வழியே பார்த்து அழுதவள் அவள். அது பெருமூச்சா, விம்மலா என்று கருத்து வேறுபாடு எழுந்தது. செசரியா நகரத்து யூத மத அறிஞர் ரபி அபாகு இரண்டையும் ஊதும்படி முறை வகுத்தார். இன்றும் மூன்று பெருமூச்சுகளும் ஒன்பது விம்மல்களும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன.

அந்தத் தாய் யார் தெரியுமா? சிசெராவின் தாய். தொள்ளாயிரம் இரும்பு ரதங்களோடு, யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலரை இருபது ஆண்டுகள் ஒடுக்கிய படையின் தலைவன் அவன். பகைவனைப் பெற்றவளின் கண்ணீரைத் தங்கள் புனித நாளின் ஒலியாக ஒரு சமூகம் வைத்துக்கொண்டிருக்கிறது. பல சமூகங்களில் ஊதப்படும் நூறு முழக்கங்களும் அவளுடைய நூறு கதறல்களுக்கு ஈடு என்று இடைக்கால உரையாசிரியர்கள் ஒரு மரபைக் குறிப்பிடுகிறார்கள். இந்தப் பண்டிகையில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

புத்தாண்டு முதல் யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள்வரை பத்து நாட்கள், மனம் திரும்புவதற்கான காலம். ஒருவர் மற்றவருக்குச் செய்த தவறு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை மன்னிக்கப்படாது என்கிறது தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு. அதனால் இறைவனிடம் மன்றாடுவதோடு நில்லாமல், மனம் புண்பட்ட உறவினரையும் நண்பரையும் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.