கேள்விகளை முதலாளிக்கு முதலே அனுப்பலாமா?

சரி, அடுத்த கேள்வி ஒரு தங்கச்சியுடையது. யாழ்ப்பாணத்துச் சின்னக் கடைகளைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம் எடுக்கப் போகிறாராம். நேர்காணல் கேள்விகளை முதலாளிமாருக்கு முன்கூட்டியே கொடுக்கலாமா, முதலாளி வெளிநாட்டில் இருந்தால் மனேஜரை மட்டும் வைத்து எடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். எதைப் பற்றிக் கதைக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள், அது காணும். நான் ஒருமுறை பத்துக் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனேன், போய்ப் பார்த்தால் முதலாளியின் மகள் எல்லாவற்றுக்கும் கொப்பியில் மறுமொழி எழுதி வைத்திருந்தார், ஐயா அதைப் பாடமாக்கிப் பேச்சுப்போட்டிப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புவித்தார். ஒரு செக்கன்கூடப் பாவிக்க முடியவில்லை.

அதற்குப் பதிலாக கமெரா இல்லாமல் ஒருக்கால் போங்கள், ஏதாவது வாங்குங்கள், ஒரு மணித்தியாலம் சும்மா நில்லுங்கள். எப்போது ஆள் கூட்டம், எப்போது லொறி வந்து இறக்கும், எப்போது முதலாளி சாப்பிடப் போவார் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்கே முக்கியமான கதையைக் கிண்டிவிடக் கூடாது. ஒரு பழைய சைக்கிள் கடை ஐயாவிடம் நான் அந்தப் பிழையை விட்டேன். அவர் மேசை லாச்சியில் இருந்து ஒரு டைனமோவை எடுத்து, தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம், சுற்றுகிற பெடியன் களைத்தால் செய்தியும் நின்றுவிடும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். அடுத்த கிழமை கமெராவோடு போய்க் கேட்டால், “அதைத்தான் அண்டைக்குச் சொன்னேனே தம்பி.” முடிந்தது கதை. அதனால் முதல்நாள் இப்படி ஒரு பொருள் கண்ணில் பட்டால், “இதைப் பிறகு கேட்கிறேன் ஐயா” என்று வைத்துவிட்டு வாருங்கள். எடுக்கிற நாளில் அதைக் கையில் கொடுங்கள். “அந்தக் காலத்தில் வியாபாரம் எப்படி?” என்று கேட்டால் “கஷ்டம்தான்” என்ற ஒரு சொல்தான் வரும், பொருள் கையில் இருந்தால் கை தானே கதை சொல்லும்.

இன்னொன்று, எங்கள் ஆட்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள். “இடம்பெயர்வுக்கு முந்தி”, “பாதை திறந்த பிறகு” என்றுதான் சொல்வார்கள். இடம்பெயர்வு என்றால் அநேகமாக 1995 ஒக்டோபரில் சண்டையால் யாழ்ப்பாணச் சனம் கூட்டமாக ஊரை விட்டு வெளிக்கிட்டது என்று எங்களுக்குத் தெரியும், கொழும்பிலோ சென்னையிலோ இருந்து பார்ப்பவருக்குத் தெரியுமா? பாதை திறந்தது எது? யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் திரும்பத் திறந்தது. கடையைத் திருப்பித் தொடங்கியது எந்தத் திறப்புக்குப் பிறகு என்று அந்த இடத்திலேயே கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், பிறகு எடிட்டில் இருந்து தலையைச் சொறிய வேண்டாம். வருமானத்தை மட்டும் நேரே கேட்காதீர்கள், வரிக்காரரோ என்ற பயம் வந்தால் மிச்சக் கதையும் போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மிளகாய் அரைபடுகிறது என்று மில்லில் கேளுங்கள், உங்களுக்குத் தேவையானது அதிலேயே இருக்கும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபானை நிற்பாட்டலாம். கூல் பாரில் ஃபிரீசரை நிற்பாட்டச் சொல்லாதீர்கள், ஐஸ்கிரீம் உருகினால் யார் காசு கட்டுவது? அதிலிருந்து எட்ட இருத்தி, கொலர் மைக்கை நெஞ்சுக்குக் கிட்டக் குத்துங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு நிமிடம் ஒருவரும் கதைக்காமல் கடைச் சத்தத்தை மட்டும் பதிந்தால் வெட்டி ஒட்டும்போது உதவும்.

மனேஜர் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். அனுமதி முதலாளியிடம்தான் வாங்க வேண்டும், அவர் கனடாவில் இருந்தாலும் சரி. ஒரு வொய்ஸ் மெசேஜாக வாங்கிச் சேமித்து வையுங்கள். வாங்காமல் போனால் மனேஜர் ஒவ்வொரு கேள்விக்கும் “முதலாளியைக் கேட்டுத்தான் சொல்ல வேணும்” என்பார், அவரில் பிழை இல்லை, அது அவருடைய வேலை. முதலாளி பக்கத்தில் நின்றாலோ வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தாலோ மனேஜரை எடுக்காதீர்கள். அவரிடம் கடை எப்படித் தொடங்கியது என்று கேட்பதில் பயனில்லை, 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டியபோது பிரிட்ஜில் இருந்த சாமானை என்ன செய்தார், கடன் கொப்பியில் பெயர் உள்ளவர் கடைக்கு வராமல் விட்டால் எப்படிக் கேட்பார் என்று கேளுங்கள். இதெல்லாம் முதலாளிக்கே தெரியாது. முதலாளியின் பங்கை அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எடுக்கலாம், கனபேர் அப்போதுதான் வருவார்கள். ஆனால் அந்த 25 நாளும் கடையில் நிற்க இடம் இருக்காது, அதனால் வீட்டு முற்றத்தில், கோயிலுக்குப் போய் வந்த பிறகு.