மின்னாத கடிகாரமே மேல்

நடுவர் அவர்களே, கீழக்கரைப் பெருமக்களே, வணக்கம். லட்சங்கள் கொடுத்து வாங்கும் கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டியது பகட்டா, அடக்கமா என்பது தலைப்பு. நான் அடக்கத்தின் பக்கம்.

“வெளிநாடு போய்ச் சம்பாதித்த சபுராளி ஊர் திரும்பினால் கை மின்ன வேண்டாமா?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டார் எதிரணி நண்பர். கொடுத்தே பேர் வாங்கிய சீதக்காதியின் ஊரில், காட்டிப் பேர் வாங்குவதா ஐயா? பலர் சேர்ந்து சாப்பிடும் சகன் தட்டைச் சுற்றி உட்காரும்போது எல்லாரும் பார்க்கட்டும் என்று கல் பதித்த கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிக் கட்டிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். விருந்து முடிந்ததும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நெய்ச்சோற்றுப் பருக்கை! பல் குத்தும் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல் அசல் வைரமாகவே இருக்கட்டும். நிறுவனம் பதிக்காமல் வெளிக் கடையில் பதித்தது என்றால், விற்கப் போகும்போது விலை இறங்கும். தயாரித்தவர்களே பழுது பார்க்க மறுக்கவும் கூடும். தங்க முலாமோ, உரசும் விளிம்பில்தான் முதலில் வெளுக்கும்.

நம் காற்று லேசுப்பட்டதா? 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்து அரித்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தவைத்த உப்புக்காற்று! டைட்டானியம் அதற்கு அசையாது. ஜப்பான் நிறுவனமான கிராண்ட் செய்க்கோவின் ‘ஸ்னோஃபிளேக்’ கடிகாரம் அந்த உலோகத்தில்தான் வருகிறது. வெள்ளை முகப்பை வெளிச்சத்தில் சாய்த்தால்தான் அதன் மெல்லிய சொரசொரப்பு தெரியும். நொடிமுள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். மாதத்துக்குப் பதினைந்து நொடிக்குள்தான் பிசகும் என்கிறது நிறுவனம். எதிரே இருப்பவருக்கு அது வெறும் வெள்ளைக் கடிகாரம். இருக்கட்டுமே!

அவ்வளவு செலவு வேண்டாமா? டியூடர் இருக்கிறது. ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்காக 1926-இல் பதிவான பெயர். அதே நம்பகத்தைக் குறைந்த விலையில் தருவதே அவர் நோக்கம். அதன் ‘பிளாக் பே 58’ 39 மி.மீ. அகலம், முழுக்கைச் சட்டைக்குள் அடங்கிவிடும். ரோலெக்ஸேதான் வேண்டுமா? 36 மி.மீ., எஃகு, கல் இல்லாமல் வாங்குங்கள். அதுவும் எங்கள் அணிதான்.

கட்டிக்கொண்டு கடலில் இறங்கலாமா என்று சபையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. 200 மீட்டர் ஆழத்து நீரழுத்தம் தாங்கும் கடிகாரம் என்றால் இறங்கலாம். பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு இறுகியிருக்க வேண்டும். உள்ளே உள்ள ரப்பர் வளையங்களைக் கடையில் சோதித்திருக்க வேண்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. வெளிக் கடையில் கல் பதித்த கடிகாரத்தோடு எதிரணி நண்பர் கடலில் இறங்குவாரா என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்கிறேன்.